வீட்டில செய்த சிஎன்சியால பழைய கதவின்ர பூவேலையை அளந்து எடுக்கேலுமோ?

கேள்வி: மல்லாவிப் பக்கத்து வாசகர், 04.02.2023

அண்ணையவை, எங்கட வீட்டில அப்பப்பா காலத்து இரட்டைக் கதவு. இடம்பெயர்ந்து திரும்பி வரேக்க ஒரு பக்கக் கதவு மட்டும்தான் நிண்டது, மற்றதைக் காணேல்ல. நடுப் பலகையில தாமரையும் கொடியும் கொத்தின முதிரை. மற்றப் பக்கத்துக்கும் அதே மாதிரி ஒண்டு செய்யோணும். ஊரில கொத்து வேலை தெரிஞ்ச ஐயா ஒராள்தான் மிச்சம், அவர் கை நடுங்குது ஏலாது எண்டிட்டார். என்னட்ட ஆர்டுயினோ எண்ட சின்னக் கட்டுப்பாட்டு அட்டை போட்டு நானே செய்த சிஎன்சி (கொம்பியூட்டர் கட்டளையில வெட்டுற மெசின்) நிக்குது, பெயர்ப்பலகை வெட்டுறனான். அதால இந்தப் பூவை அளந்து கொம்பியூட்டருக்குள்ள எடுக்கலாமோ, இல்லாட்டி ஸ்கானர் வாங்கத்தான் வேணுமோ? ஸ்கானர் விலை கேட்டுப்போட்டு ஒரு செம்பு தண்ணி குடிச்சனான்.

04.02.2023, இரவு

ஏலும். ஸ்கானர் வேண்டாம். வெட்டுற கட்டரைக் கழட்டிப்போட்டு அந்த இடத்தில தொட்டுப் பாக்கிற ஊசி ஒண்டைப் பூட்டினா அதே மெசின் அளக்கிற மெசின். ஆர்டுயினோவுக்குள்ள இருந்து மெசினை ஓட்டுற ஜிஆர்பிஎல் எண்ட நிரலைப் போட்டிருந்தா ஜி38.2 எண்ட கட்டளை ஏற்கனவே உள்ளுக்க கிடக்கு. ஊசி மெள்ள மெள்ளக் கீழ இறங்கும், தொட்டவுடன நிக்கும், தொட்ட இடத்தின்ர மூண்டு எண்களையும் (எக்ஸ் இடவலம், வை முன்பின், இசட் உயரம்) பிஆர்பி எண்டு தொடங்கிற ஒரு வரியில திருப்பி அனுப்பும். அந்த வரிகளைச் சேர்த்து எழுதி வைச்சா அதுதான் உங்கட பூ. ஆர்டுயினோ ஊனோ எண்டா ஏ5 கால்தான் அந்த ஊசிக்கு.

ஒரு விசயம், அந்த வரியில வாற எண்கள் மெசின்ர சொந்த ஆள்கூறு, நீங்கள் வேலைக்கு வைச்ச பூச்சியம் இல்லை. இது தெரியாம கனபேர் தலையைப் பிய்ச்சிருக்கினம்.

மிச்சம் நாளைக்கு, கரண்ட் போகப்போகுது போல கிடக்கு.

05.02.2023

ஊசியைப் பற்றி. பித்தளை, அலுமினியம் மாதிரிச் சாமான் எண்டா ஊசியே தேவையில்லை, ஒரு வயரை சாமானிலயும் மற்றதைக் கட்டரிலயும் கவ்விவிட்டாக் காணும். மரத்துக்கு அது சரிவராது. மரத்துக்கு உள்ளுக்க சுவிட்ச் இருக்கிற ஊசி வேணும்.

நான் செய்து வைச்சிருக்கிறது இப்பிடி: ஆறு குண்டு, மூண்டு பித்தளைக் கம்பி. ஒவ்வொரு கம்பியும் ரெண்டு குண்டுக்கு நடுவில படுத்திருக்கும், மேல இருந்து ஒரு மெல்லிய ஸ்பிரிங் அமத்தும். ஆறு குண்டும் மூண்டு கம்பியும் ஒரே சேர்க்கிட்டில வரிசையா. ஊசி எந்தப் பக்கம் இடிபட்டாலும் ஒரு கம்பியாவது குண்டை விட்டு எழும்பும், சேர்க்கிட் அறும். விட்டா அதே இடத்தில திரும்பி வந்து குந்தும், அதுதான் இந்த அமைப்பின்ர கெட்டித்தனம். கம்பனிக்காரர் விக்கிற விலை கூடின புரோபுகளும் இதேதான். டேவிட் மக்மேர்ட்றி எண்ட பொறியியலாளர் 1972 இல ரோல்ஸ் ரொய்ஸில இருக்கேக்க கொன்கோட் விமானத்தின்ர ஒலிம்பஸ் எஞ்சின் எரிபொருள் குழாய்களை அளக்கிறதுக்கு எண்டு கண்டுபிடிச்சது. அடுத்த வருசமே ரெனிஷோ கம்பனி தொடங்கிட்டினம். அம்பது வருசம் போட்டுது, நாங்கள் பரந்தனில சைக்கிள் கடைக் குண்டில செய்யிறம்.

குண்டு எங்க எடுக்கிறது எண்டு இன்பொக்ஸில கேட்டவைக்கு: சைக்கிள் பின்சில்லு பிறீவீல் குண்டு. எட்டில ஒரு இஞ்சி, அதாவது 3.175 மில்லிமீற்றர். ஒரு பழைய பிறீவீலைப் பிரிச்சா ஊசி நாலைஞ்சு செய்யக் காணும். ஊசி முனைக்கும் அதே குண்டுதான், ஒரு பித்தளைக் குழாயின்ர வாயில குந்த வைச்சு எபொக்சி. ஏன் அதே குண்டு எண்டதுக்கு ஒரு காரணம் இருக்கு, அது பிறகு, அதுதான் இந்த முழு விசயத்திலயும் முக்கியமானது.

05.02.2023, பின்னேரம்

வயர் அறுந்தா என்னாகும் எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. மேல சொன்ன ஊசி சும்மா நிக்கேக்க சேர்க்கிட் மூடின நிலை, தொட்டாத் திறக்கும். ஜிஆர்பிஎல் எதிர்பார்க்கிறது மற்றப் பக்கமா. அதால ஜிஆர்பிஎல் அமைப்பில $6=1 எண்டு போட்டு மாத்தோணும். இதில ஒரு லாபம், எலி வயரைக் கடிச்சா மெசினுக்கு ஊசி ஏற்கனவே தொட்டுக்கொண்டு இருக்கிற மாதிரித் தெரியும், நாலாம் நம்பர் அலாரம் அடிச்சிட்டு அசையாம நிக்கும். மற்ற மாதிரி, தொட்டா மூடுற சுவிட்ச் போட்டவைக்கு வயர் அறுந்தது தெரியவே வராது, ஊசி பலகைக்குள்ளால இறங்கும். எங்கட பட்டறையில எலிக்குக் குறைவில்லை.

மோட்டர் வயரோட சேத்து ஊசி வயரைக் கட்டாதேங்கோ. ஊசி காத்தில நிக்கேக்கயே தொட்டிட்டன் எண்டு சொல்லும். கவசம் போட்ட வயர், ஏ5 க்கும் கிறவுண்டுக்கும் இடையில 0.1 மைக்ரோபராட் கப்பாசிற்றர் ஒண்டு, எனக்கு அதோட அடங்கினது.

07.02.2023

வேகம். "எஃப் 300 இல இறக்கினா கெதியா முடியுமே" எண்டு ஒரு தம்பி. நிமிசத்துக்கு 300 மில்லிமீற்றர் எண்டா செக்கனுக்கு 5. ஜிஆர்பிஎல் தொட்ட கணத்தில இடத்தைக் குறிச்சிடும், ஆனா உடன நிக்காது, வேகத்தைக் குறைச்சுக் குறைச்சுத்தான் நிக்கும். முடுக்கத்தை மாத்தாம முதலே வாற 10 இல விட்டிருந்தா தொட்ட பிறகும் 1.25 மில்லிமீற்றர் கீழ போகும். எண் சரியா வரும், ஊசி வளைஞ்சிருக்கும். எஃப் 60 எண்டா அதே கணக்கில 0.05 தான். இசட் முடுக்கத்தைக் கூட்டி, எஃப் 60 இல, ரெண்டு மில்லிமீற்றர் மட்டும் உயர்த்தி இறக்குங்கோ, ஒரு புள்ளிக்கு நாலு செக்கன் வரும்.

இப்ப கணக்கைப் பாருங்கோ. பலகை 300க்கு 200 மில்லிமீற்றர் எண்டு வைப்பம். ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி எண்டா 60,501 புள்ளி. நாலு செக்கன் படி 67 மணித்தியாலம். மூண்டு நாள் மெசின் டிக் டிக் எண்டு கொத்திக்கொண்டு நிக்கும், மனிசி வீட்டை விட்டுப் போயிடுவா.

அதால முழுப் பலகையையும் ஒரே மாதிரி அளக்கிறது மடைத்தனம். தாமரை இருக்கிற 150க்கு 100 இடத்தை ஒரு மில்லிமீற்றரில, அது 17 மணித்தியாலம். மிச்ச வெளியை மூண்டு மில்லிமீற்றருக்கு ஒண்டு, அது ஐஞ்சரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. கொடி ஓடுற இடத்தில மட்டும் இடையில கூட்டலாம். எங்க வளைவு இருக்கோ அங்க புள்ளி, வெறும் தளத்தில ஏன் புள்ளி?

07.02.2023, இரவு

அரை மில்லிமீற்றரில எடுத்தா இன்னும் வடிவா வராதோ எண்டு கேட்டவருக்கு. அந்தப் பூ மட்டுமே 67 மணித்தியாலம் போகும். கிடைக்கிறது என்ன? ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில 3.175 குண்டுக் கட்டரால வெட்டினா கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில நிக்கிற வரம்பு 0.08 மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றர் எண்டா 0.02. அந்த 0.08 மண்கடதாசி ஒருக்காப் போட்டாப் போயிடும். அதுக்கு ரெண்டு நாள் கரண்ட் எரிக்கிறதோ?

09.02.2023

இப்ப அந்த முக்கியமான விசயம்.

குண்டு முனை சரிவான இடத்தில தன்ர அடியால தொடாது, பக்கத்தால தொடும். மெசின் எழுதிறது குண்டின்ர இடத்தை, மரத்தின்ர இடத்தை இல்லை. 45 பாகைச் சரிவில இந்தக் குண்டோட 0.66 மில்லிமீற்றர் உயரம் கூடக் காட்டும், 60 பாகையில 1.59. 30 பாகையில கால் மில்லிமீற்றர்தான். அதாலதான் இப்பிடி அளந்த பூவைத் திரையில பாத்தா இதழெல்லாம் வீங்கினமாதிரி, பள்ளமெல்லாம் ஒடுங்கினமாதிரி நிக்கும். ஆக்கள் இதைப் பாத்திட்டு உடன மெஷ்லாப், கிளவுட்கொம்பெயர் எண்ட முப்பரிமாண மென்பொருளுகளில இறங்கி, ஒவ்வொரு புள்ளியிலயும் சரிவைக் கண்டு அரைவிட்டத்தைக் கழிச்சு, அது மூலைகளில கிழிஞ்சு, மினக்கெட்டுக் களைச்சுப் போவினம்.

கதவுக்காரத் தம்பிக்கு அது ஒண்டும் தேவையில்லை. கிளிநொச்சி ரவுணில திறப்பு வெட்டுற கடையில போய் மெசினைப் பாருங்கோ. ஒரு பக்கம் பழைய திறப்பைத் தடவிற முனை, மற்றப் பக்கம் வெட்டுற சில்லு, ரெண்டும் ஒரே வடிவம். தடவின பாதையில அப்பிடியே வெட்டும், கணக்கு ஒண்டும் இல்லை. அதுதான் இஞ்சயும். ஊசி முனை 3.175, எட்டில ஒரு இஞ்சிக் குண்டுமுனைக் கட்டரும் 3.175. குண்டு போன பாதையில அதே அளவுக் குண்டுக் கட்டர் போனா மரத்தில வாறது மூலத்தின்ர வடிவம், வீக்கம் தானாகக் கழிஞ்சிடும். பிறீவீல் குண்டு எண்டு நான் அடம்பிடிச்சது இதுக்குத்தான். சாமானை வித்துக் காட்டவோ, இணையத்தில போடவோ வடிவம் வேணும் எண்டவை கழிக்கத்தான் வேணும். வெட்டுறதுதான் நோக்கம் எண்டா, புள்ளிகளை எழுதி வைச்ச சிஎஸ்வி கோப்பை நேர ஜிகோட்டா, அதாவது மெசின்ர கட்டளை வரிகளா, மாத்தி ஓடவிடுங்கோ.

எங்கட மாமியின்ர மோதக அச்சை நான் இப்பிடித்தான் பிரதி எடுத்தனான். பழைய அச்சு பாலை மரம், உள்ளுக்க குழி, குழியின்ர சுவரில வரி வரியாக் கீறல். புதுசில மோதகம் போட்டு ரெண்டையும் தட்டில வைச்சா எது எதில வந்தது எண்டு மாமிக்கே தெரியேல்ல, ஆனா கிட்டப் பாத்தா புது மோதகத்தின்ர கீறல் அடியில கொஞ்சம் உருண்டு போய்க் கிடந்தது. கீறல் குண்டை விட ஒடுக்கம் எண்டா குண்டு அடி மட்டும் போகாது, மேல குந்திக்கொண்டு நிக்கும்.

10.02.2023

வவுனியா அண்ணை ஒராள் வந்து, "உதெல்லாம் பழைய காலம், போனால எழுபது எண்பது படம் எடுத்து மெஷ்றூமில போட்டா ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சுது" எண்டு எழுதியிருக்கிறார். அண்ணை, படங்களில இருந்து முப்பரிமாண வடிவம் கட்டுற மெஷ்றூம் இலவசம்தான், ஆழப்படம் போடுற கட்டத்துக்கு என்விடியா கிராபிக்ஸ் காட் கேக்கும், அது எல்லார் வீட்டிலயும் நிக்காது. பழைய கதவு எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்து மினுங்கும், மினுங்கிற கறுப்பில படம் பிடிச்சா மென்பொருளுக்குப் பிடிமானம் கிடைக்காது. அளவும் வராது, படத்துக்கு மில்லிமீற்றர் தெரியாது.

13.02.2023

மேல வவுனியா அண்ணைக்கு எழுதினதில பாதியை இப்ப மாத்தி எழுதிறன். அவர் ஒரு வழி சொன்னார்: மினுக்கத்துக்குத் திருநீறு. மெல்லிசாத் துணியில முடிஞ்சு தட்டிவிட்டா மேற்பரப்பு வெளிறி, புள்ளி புள்ளியா நிக்கும், மென்பொருள் பிடிச்சுக்கொள்ளும். தூரிகையால தட்டினா போயிடும். செய்து பாத்தன், உண்மைதான். பக்கத்தில அடிமட்டம் ஒண்டை வைச்சு எடுத்தா அளவும் சரி. முழுப் பலகையும் ஒரே வடிவமா வந்திட்டுது, கொடி எங்க போகுது, எது எவ்வளவு ஆழம் எண்டு பாக்க அருமை.

ஆனா இதழ் விளிம்பு? சவர்க்காரம் கரைஞ்ச மாதிரி. என்ர சின்னக் கமராவோ, அவரிட்ட நல்லது இருக்கோ தெரியாது, என்ர கையில வந்தது அதுதான். அதால இப்ப நான் சொல்லுறது: முதல் படம், பேந்து ஊசி. படத்தில இருந்து எங்க வளைவு கூட எண்டு பாத்து ஊசி போற இடத்தைத் தீர்மானிக்கலாம், ஒவ்வொரு இடத்திலயும் எவ்வளவு உயரத்தில இருந்து இறங்கத் தொடங்கலாம் எண்டதும் தெரியும். வெறும் காத்துக்குள்ள எஃப் 60 இல இறங்கிற நேரம் மிச்சம்.

கதவு இன்னொருக்காத் துலைஞ்சாலும் படம் இருக்கும். அதுக்காகவாவது எடுத்து வையுங்கோ.

14.02.2023

பக்கவாட்டில நகரேக்க உயர்ந்த இதழில ஊசி இடிக்குது எண்டு தம்பி. நகர்ற கட்டளையையும் ஜி38.3 ஆப் போடுங்கோ. அது ஜி38.2 மாதிரித்தான், ஆனா ஒண்டும் தொடாட்டி அலாரம் அடிக்காம அடுத்த வேலைக்குப் போகும். நகர்ந்து போகேக்க எதிலயாவது இடிச்சா நிக்கும், நிண்டா இன்னும் கொஞ்சம் எழும்பித் திருப்பி நகரச் சொல்லி மெசினுக்குக் கட்டளை அனுப்ப நீங்கள் எழுதிற பைதன் நிரலில ஒரு வரி. அனுப்பிற மென்பொருள் வரிக்கு வரி பதிலைக் கேட்டு முடிவெடுக்கோணும், சும்மா ஜிகோட் கோப்பை ஓடவிட்டுச் செய்யேலாது.

போய்த் திரும்பி அளக்காதேங்கோ. போற வரி ஒரு பக்கம், வாற வரி மற்றப் பக்கம் எண்டா மெசினை நகர்த்திற நாலு வழிப் புரியுள்ள ரி8 திருகில நட் ஆடுற ஆட்டம் ஒண்டுவிட்ட வரியில விழுந்து, பூ பல்லுப் பல்லா நிக்கும். எப்பவும் இடப்பக்கத்தில இருந்து வலப்பக்கம் மட்டும் அளந்து, வெறுமனத் திரும்பி வாங்கோ. நேரம் கொஞ்சம் போகும், போகட்டும்.

16.02.2023

கரண்ட். 17 மணித்தியால வேலைக்கு நடுவில கரண்ட் போகாது எண்டு வன்னியில ஆர் உத்தரவாதம் தாறது? 2022 இல ஒரு கட்டத்தில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினவை, இப்ப அந்தளவு இல்லை, ஆனா மழை இருட்டினாப் போகும். எங்கட தலைமுறை சைக்கிள் டைனமோ சுத்தி ரேடியோ கேட்டது, கொம்பியூட்டருக்கு அது காணாது.

ரெண்டு வேலை செய்யுங்கோ. ஒவ்வொரு புள்ளியும் வர வர உடன கோப்பில எழுதோணும், முடிவில எழுதுவம் எண்டு மெமரியில வைக்கப்படாது. மற்றது, மெசின் மேசையில ஒரு குண்டை இறுக்கி ஒட்டிவிடுங்கோ. தொடங்க முன்னம் அதன்ர உச்சியையும் நாலு பக்கத்தையும் தொட்டு எண்களைக் குறிச்சு வையுங்கோ. கரண்ட் வந்தாப் பிறகு ஹோமிங் போட்டு (மெசின் லிமிட் சுவிட்சைத் தொட்டுத் தன்ர தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்கிறது), அதே குண்டைத் திருப்பித் தொட்டு, வித்தியாசத்தைக் கூட்டிக் கழிச்சு விட்ட இடத்தில இருந்து தொடரலாம். லிமிட் சுவிட்ச் மட்டும் காணாது, மலிவுச் சுவிட்ச் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில அடிக்காது. பலகையைக் கழட்டவே வேண்டாம்.

19.02.2023

தம்பி கதவுப் பலகையைக் கழட்டிச் சாக்கில சுத்திக்கொண்டு வந்திட்டார், தன்ர மெசின் மேசை காணாதாம். நல்ல சாமான். உளி போன வழி இன்னும் தெரியுது, கொடிக்குக் கீழ தளத்தில சின்னச் சின்ன வெட்டு ஒவ்வொண்டும் நகத்தளவு, எல்லாம் ஒரே பக்கம் சாய்ஞ்சு. எட்டு இதழ்த் தாமரை. ஒரு இதழை மட்டும் அளந்து எட்டுத் தரம் சுத்தினா நேரம் எட்டில ஒண்டு எண்டு இஞ்ச ஒருத்தர் எழுதினவர், நானும் அதைத்தான் யோசிச்சு வைச்சிருந்தன். அடிமட்டம் வைச்சுப் பாத்தா எந்த ரெண்டு இதழும் ஒண்டில்லை, கீழ் ரெண்டும் மேலதை விட அகலம். கதவில உயரத்தில நிக்கிற பூ எண்டு கொத்தினவர் கண்மட்டத்துக்குக் கணக்குப் பாத்திருக்கிறார் எண்டு நினைக்கிறன். எட்டையும் அளக்கிறம்.

இன்னொண்டு, பலகை கோணியிருக்கு. நடு கிண்ணம் மாதிரி உள்வாங்கி, ஓரத்துக்கும் நடுவுக்கும் மட்டமான இடத்திலயே ரெண்டு மில்லிமீற்றருக்குக் கிட்ட வித்தியாசம். அப்பிடியே அளந்தா அந்தக் கோணலும் புதுப் பலகையில ஏறும். அதால பூ இல்லாத வெறும் விளிம்பை முதல் தொட்டு, அதுக்கு ஒரு மெல்லிய வளைவைப் பொருத்தி, அதை எல்லாப் புள்ளியிலயும் இருந்து கழிக்கிறம்.

25.02.2023

வெட்டியாச்சு. புதுப் பலகையும் முதிரைதான், பழைய வளை ஒண்டில இருந்து அறுத்தது.

இரட்டைக் கதவு எண்டபடியால் கண்ணாடியில பாத்த மாதிரி வேணும், கொடி மற்றப் பக்கம் வளையோணும். எக்ஸ் எண்கள் எல்லாத்துக்கும் முன்னால கழித்தல் அடையாளம், அவ்வளவுதான். கை நடுங்குது எண்ட அந்தக் கொத்து வேலை ஐயா வந்து பாத்தவர். "எங்கட காலத்தில சோடிக் கதவெண்டா ரெண்டாவதுக்குத்தான் மண்டை உடையும், கை பழகினது ஒரு பக்கத்துக்கு" எண்டார். பிறகு விரலை வைச்சுத் தடவிப்போட்டு, இலை நரம்பு செத்துப் போச்சுது எண்டார். சரி, குண்டு இறங்காத இடம். நரம்பை ஊசி மெல்லிசாக்கித் திருப்பி அளக்கலாம் எண்டு நான் சொல்ல, ஐயா தன்ர பேரனைக் கூப்பிட்டு வி உளியைக் கையில குடுத்து, தான் பக்கத்தில கதிரை போட்டு இருந்திட்டார். ஒரு பின்னேரத்தில எல்லா நரம்பும் எழும்பிட்டுது. எனக்கு மெல்லிய ஊசி செய்யிற வேலை இல்லாமப் போச்சு.

27.02.2023

கன மெசேஜ். சேத்துப் பதில்.

தண்ணி மோட்டரின்ர இம்பெல்லரை இப்பிடி எடுக்கேலுமோ எண்டு முழங்காவில் அண்ணை. மூடின இம்பெல்லர் எண்டா ஏலாது, ஊசி மேல இருந்து மட்டும்தான் இறங்கும், தட்டுக்குக் கீழ மறைஞ்ச செட்டையைக் காணாது. திறந்தது எண்டாலும், அது இவ்வளவு நாள் மண் தண்ணி இழுத்துத் தேஞ்ச சாமான், தேஞ்சதை அப்பிடியே அளந்தா தேஞ்ச இம்பெல்லர்தான் வரும். வேர்னியரால விட்டம், செட்டை உயரம், சாவி வெட்டு அளந்து கீறிறது மேல்.

பைதன் நிரலைக் கேட்டவை: திருத்திப்போட்டு இந்தக் கிழமை ஏத்திறன், இப்ப உள்ளது எனக்கு மட்டும்தான் விளங்கும்.

நாலாவது அச்சுப் போட்டுச் சாமானைச் சுத்திச் சுத்தி அளக்கிறது எப்பிடி எண்டு கேட்ட தங்கச்சி, அது வேற கதை, சுத்திற மையத்தைக் கண்டுபிடிக்கிறதிலயே அரைவாசி வேலை. நீங்கள் அளக்கப்போறது என்ன சாமான், அதின்ர விட்டம் என்ன எண்டு முதல் எழுதுங்கோ.